மலை இறங்கும் மனு

தேர்தல் வந்தால் தருமபுரி மாவட்டத்துக் கழுதைகளுக்கு நாளிதழ்களில் படம் வரும். கோட்டூர் மலைக்கு வண்டிப் பாதை இல்லாததால் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை முதுகில் கட்டி ஏற்றுவது பல தேர்தல்களாக நடந்துவந்த வழக்கம். 2021 சட்டமன்றத் தேர்தலில் அரசு இன்னும் ஒரு படி இறங்கி வந்தது. மாற்றுத்திறனாளி வாக்காளர் 12டி படிவம் கொடுத்தால் வீட்டிலிருந்தே அஞ்சல் வாக்கு போடலாம், அலுவலர்கள் வாசலுக்கே வருவார்கள் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. 2024 மக்களவைத் தேர்தலிலும் நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் உள்ளவர்களுக்கு இந்த வசதி இருந்தது.

அதே நாற்பது சதவீதத்தை உதவித்தொகைக்காகச் சான்றிதழில் எழுதி வாங்க வேண்டுமென்றால் கதை வேறு. வாக்காளர்தான் மலை இறங்க வேண்டும். சித்தேரி மலையில் இருப்பவர் அரூருக்கு இறங்கி, அங்கிருந்து தருமபுரிக்கு வர வேண்டும். நடக்க முடியாதவர் என்றால் தூக்கி வர ஆள் வேண்டும். அரசு நகரப் பேருந்தில் அவருக்கும் உடன் வருபவருக்கும் கட்டணம் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் உடன் வருபவருடைய அன்றைய கூலி போய்விடும். வந்த நாளில் சம்பந்தப்பட்ட மருத்துவர் முகாமில் இல்லையென்றால் இன்னொரு நாள், இன்னொரு கூலி.

உடன் வருபவர் யார் என்பதைத்தான் இந்தக் கட்டுரை தேடுகிறது. தாயோ தம்பியோ தூக்கி வரலாம். ஆனால் எந்த அறைக்கு முதலில் போவது, சான்றிதழில் சதவீதம் குறைந்தால் என்ன செய்வது, தள்ளுபடியான மனுவை எங்கே மேல்முறையீடு செய்வது என்றெல்லாம் தெரிந்து உடன் நடப்பவர் ஒருவர் வேண்டுமே. உலகின் சில நாடுகளில் அது ஒரு தொழில்.

அமெரிக்காவில் அந்தத் தொழில் நன்றாக வேரூன்றியிருக்கிறது. 1956இல் அங்கே சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் ஊன ஓய்வூதியம் சேர்ந்தது. விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் முதல் சுற்றில் தள்ளுபடியாகி, நிர்வாக நீதிபதி முன் வாதாட வேண்டிய நிலை உருவாக, அந்த வழக்குகளையே நடத்தும் வழக்கறிஞர்கள் பெருகினார்கள். 1979இல் அவர்களுக்கென்று தேசிய அமைப்பு ஒன்று தோன்றியது. வழக்கறிஞர் அல்லாத பிரதிநிதிகளுக்கும் பிற்பாடு தனி அமைப்பு உண்டானது. ஆண்டுதோறும் மாநாடு கூட்டுவார்கள். விசாரணைக்கு வரும் வேலைவாய்ப்பு நிபுணரை எப்படிக் குறுக்கு விசாரணை செய்வது, மருத்துவக் குறிப்பில் எந்த வரியைப் பிடிப்பது என்று வகுப்புகள் நடக்கும். உண்மையில் அது ஒரு தொழிற்பயிற்சி முகாம்.

இந்தத் தொழிலுக்குச் சோறு போடுவது நிலுவைத்தொகை. வழக்கு வென்றால், இடைப்பட்ட மாதங்களுக்குச் சேரவேண்டிய பணம் மொத்தமாக வரும். அதில் நான்கில் ஒரு பங்கு, அல்லது குறிப்பிட்ட உச்சவரம்பு, எது குறைவோ அது பிரதிநிதிக்கு. அரசே பிடித்துக் கொடுத்துவிடும். 2024 நவம்பர் இறுதியில் அந்த உச்சவரம்பு 9,200 டாலராக உயர்ந்தது. தோற்றால் கட்டணம் இல்லை. ஏழைக்கும் வழக்கறிஞர் கிடைக்கும் வழி இது. கூடவே ஒரு கோணலும் இருக்கிறது: வழக்கு இழுக்க இழுக்கக் கட்டணம் கூடும்.

தருமபுரியில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மாற்றுத்திறனாளிக்கு மாதம் 1,500 ரூபாய் உதவித்தொகை. ஆறு மாதம் தாமதம் என்று வைத்துக்கொண்டால் 9,000 ரூபாய். நான்கில் ஒரு பங்கு 2,250. அதை நம்பி யாரும் அலுவலகம் திறக்க மாட்டார்கள். அதைவிட, இங்கே ஒப்புதல் ஆணை வந்த பிறகுதான் பணமே தொடங்குகிறது. நிலுவை இல்லாத இடத்தில் நிலுவையில் பங்கு ஏது? எனவே அந்த இடத்தை வேறு மூன்று பேர் நிரப்பியிருக்கிறார்கள்.

முதலாமவர் மனு எழுதுபவர். திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. வாசலில் வெள்ளைத்தாளோடு உட்கார்ந்திருப்பவர், “ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன்” என்று தொடங்கிச் சில நிமிடங்களில் ஒரு வாழ்க்கையை ஒரு பக்கத்துக்குள் அடக்கிவிடுவார். அவருடைய பொறுப்பு கையெழுத்தோடு முடிந்தது. இரண்டாமவர் இடைத்தரகர். அவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லா வட்டாட்சியர் அலுவலகங்களிலும் “தரகர்களை நம்பாதீர்கள்” என்று பலகை வைக்க வேண்டியிருக்கிறது என்பதே போதும். மூன்றாமவர் சங்கத்துக்காரர்.

சங்கம் என்று இங்கே முதன்மையாகச் சொல்லவேண்டியது தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கத்தை. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். ஆனால் அந்த நீளத்துக்குக் காரணம் உண்டு. ‘அனைத்து வகை’ என்பது பார்வையற்றோருக்கு ஒன்று, காது கேளாதோருக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்த அமைப்புகளுக்கு எதிரே எடுத்த நிலைப்பாடு. ‘பாதுகாப்போர்’ என்பது அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையின் தாயை உறுப்பினராக உள்ளே கொண்டுவரும் சொல். அந்தப் பிள்ளை தனக்காக மனு எழுத முடியாது. வரிசையில் நிற்பது தாய்தான், அதனால் சந்தாவும் வாக்கும் தாய்க்கு உண்டு. எஸ். நம்புராஜன், பா. ஜான்சிராணி போன்றோர் மாநில அளவில் தலைமை தாங்கிய இந்தச் சங்கம், ஊனமுற்றோர் உரிமைகளுக்கான தேசிய மேடையில் ஓர் அங்கம். அதன் முன்னணியில் நிற்பவர்களில் பலர் தாங்களே மாற்றுத்திறனாளிகள். மனுவோடு உடன் வருபவரும் ஊன்றுகோலோடுதான் வருகிறார்.

அவர் வந்தால் முதலில் தெளிவாவது ‘ஓ.ஏ.பி.’ (முதியோர் ஓய்வூதியம்) என்ற சொல். கிராமத்தில் எந்த உதவித்தொகைக்கும் இதுதான் பெயர். விதவை வாங்குவதும் ஓ.ஏ.பி., கால் இழந்தவர் வாங்குவதும் ஓ.ஏ.பி. அலுவலகத்திலோ ஜன்னல்கள் இரண்டு. ஒன்று வருவாய்த் துறை: கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் என்று போகும் பாதை. நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் உள்ளவர்களுக்கு. மற்றொன்று மாற்றுத்திறனாளிகள் நலத்துறை: எழுபத்தைந்து சதவீதத்துக்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர், அறிவுசார் குறைபாடுள்ளவர், தசைச் சிதைவு நோயாளி, தொழுநோயிலிருந்து மீண்டவர் முதலானோருக்கான பராமரிப்பு உதவித்தொகை. 2022 முதல் இது மாதம் 2,000 ரூபாய். ஒருவர் இரண்டில் ஒன்றைத்தான் பெறலாம். தசைச் சிதைவு உள்ள பையனின் தந்தை வருவாய்த் துறை ஜன்னலில் நின்றுகொண்டே இருந்தால் மாதம் 500 ரூபாய் இழப்பு. அது தவறான ஜன்னல் என்று சொல்ல அங்கே யாருக்கும் கடமை இல்லை. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்குத்தான் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான டாலர்.

சங்கத்தின் இன்னொரு வேலை கணக்குப் போடுவது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. 1995 சட்டத்தில் ஏழாக இருந்த ஊன வகைகள் அதில் இருபத்தொன்றாயின. அதன் 24ஆம் பிரிவில் ஒரு நிபந்தனை இருக்கிறது: மற்றவர்களுக்கான உதவித் திட்டத்தில் எவ்வளவு தருகிறார்களோ, அதே போன்ற திட்டத்தில் மாற்றுத்திறனாளிக்கு அதைவிடக் குறைந்தது இருபத்தைந்து சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். அரசின் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு என்ற கதவையும் அதே பிரிவு திறந்து வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2011இல் 1,000 ரூபாயானது. வருவாய்த் துறை வழியே மாற்றுத்திறனாளிக்குக் கிடைத்ததும் அதே 1,000. சட்டம் வந்த பிறகும் அது மாறவில்லை. 2022 டிசம்பர் 3 அன்று, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தின விழாவில், அந்தத் தொகை 1,500 ஆகும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். பயன்பெறுவோர் 4,39,315 பேர், ஆண்டுக்குக் கூடுதல் செலவு 263.58 கோடி ரூபாய். 2023 ஜனவரியிலிருந்து நடைமுறை. அதாவது 2017 ஏப்ரல் முதல் 2022 முடிய ஏறக்குறைய அறுபத்தெட்டு மாதங்களுக்கு, சட்டப்படி 1,250 ஆக இருந்திருக்க வேண்டிய இடத்தில் 1,000 வந்துகொண்டிருந்தது. மாதம் 250 வீதம் ஒருவருக்கு 17,000 ரூபாய். அது நிலுவையாக யாருடைய கணக்கிலும் ஏறவில்லை, ஏறவேண்டும் என்று வாதாடிக் கட்டணம் வாங்கவும் ஆளில்லை.

கணக்கு அங்கேயும் முடியவில்லை. 2023 ஜூலையில் முதியோர், கைம்பெண் உதவித்தொகையை 1,200 ரூபாயாக உயர்த்த அமைச்சரவை முடிவெடுத்தது. நல்ல முடிவு. ஆனால் 1,200க்கு இருபத்தைந்து சதவீதம் கூட்டினால் எவ்வளவு? மிகச் சரியாக 1,500. சட்டம் சொன்ன கீழ்வரம்பின் மேல் காசு பிசகாமல் வந்து நின்றது தொகை. முதியோர் தொகை அதற்குமேல் ஒரு ரூபாய் கூடினாலும் இதுவும் கூடியாக வேண்டும். சங்கத்துக்காரர்கள் நிதிநிலை அறிக்கையில் தங்கள் துறையின் பக்கத்தோடு முதியோர் பக்கத்தையும் சேர்த்துப் புரட்ட வேண்டியிருப்பது இதனால்தான்.

இந்த 1,500இல் தில்லியின் பங்கு 300. இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டம் 2009இல் 200 ரூபாயில் தொடங்கி, 2012இல் 300 ஆனது. நாடாளுமன்ற நிலைக்குழு பலமுறை சொல்லியும் அந்த 300 வளரவில்லை. அதுவும் எண்பது சதவீதத்துக்கு மேல் ஊனமும் வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயரும் இருப்பவர்களுக்கு மட்டும். பக்கத்து மாநிலத்தைப் பார்த்தால் வேறு கதை. 2024 ஜூலையில் ஆந்திரம் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை 3,000இலிருந்து 6,000 ஆக்கியது, படுக்கையிலேயே இருப்பவர்களுக்கு 15,000 வரை. அறிவித்த முதலமைச்சரின் சொந்தத் தொகுதி குப்பம். 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்து போகும்வரை குப்பத்துக்கு இந்தப் பக்கம் இருந்தது தருமபுரி மாவட்டம்தான். எல்லைக்கு அப்பால் உறவுள்ள குடும்பங்கள் அங்கே ஏராளம். அவர்களுக்குப் புள்ளிவிவரம் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ‘ஆந்திராவைப் போல்’ என்ற முழக்கம் பிறந்தது இப்படித்தான். அதற்கு முன்பு, 2021 பிப்ரவரியில், சங்கம் மாநிலம் முழுவதும் அரசு அலுவலகங்களில் குடியேறும் போராட்டம் நடத்தியபோது முழக்கம் ‘தெலங்கானாவைப் போல், புதுச்சேரியைப் போல்’ என்றிருந்தது.

குடியேறும் போராட்டம் என்பது பாயும் சோற்றுப் பாத்திரமுமாக வந்து வளாகத்தில் உட்கார்ந்துவிடுவது. படியேற முடியாதவர்கள் படியை அடைத்துக்கொண்டு உட்கார்வதில் ஒரு நியாயமான குறும்பு இருக்கிறது.

தருமபுரிக்கே உரிய ஒரு சிக்கலையும் பார்க்க வேண்டும். பல தலைமுறைகளாக இந்த மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து, பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த ஊர்கள் இங்கே உண்டு. நீண்ட காலம் குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகும், முதுகு வளையும். ஜப்பான் நிதியுதவியோடு சுமார் 1,929 கோடி ரூபாயில் நிறைவேற்றிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளூரோசிஸ் தணிப்புத் திட்டம் 2013இல் மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீர் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலை. ஏற்கெனவே இறுகிய முழங்கால் தண்ணீர் மாறினால் நெகிழாது.

இருபத்தொரு வகைகளின் பட்டியலில் ஃபுளூரோசிஸ் என்ற பெயர் இல்லை. பார்க்கின்சன் இருக்கிறது, ரத்தம் உறையாமை இருக்கிறது, அமிலவீச்சால் பாதிக்கப்பட்டோர் இருக்கிறார்கள். தண்ணீரால் முடங்கியவர் ‘இயக்கக் குறைபாடு’ என்ற பொது வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். அங்கே மருத்துவர் பார்ப்பது மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு வலு என்பதை. அதிகாலையில் எழுந்து உட்கார ஒரு மணி நேரம் ஆகும் வலிக்கு அந்த அளவுகோலில் கோடு இல்லை. முப்பத்தெட்டு சதவீதம் என்று எழுதிவிட்டால் அவருடைய ஊனம் அரசுக் கணக்கில் நாற்பது சதவீத வரம்பை எட்டாது. இரண்டு சதவீதம்தான் 1,500 ரூபாய்க்கும் பூஜ்யத்துக்கும் இடையே நிற்கிறது. சான்றளிக்கும் அதிகாரியின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்று சட்டத்தின் 59ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் மருத்துவமனை வரிசையில் எத்தனை பேர் இருப்பார்கள்? தொழில்முறைப் பிரதிநிதி இல்லாததன் விலை இந்த இடத்தில்தான் துல்லியமாகத் தெரிகிறது. சங்கத்துக்காரர் வட்டாட்சியரிடம் பேசத் தெரிந்தவர், ஜன்னல் அறிந்தவர். மருத்துவ அளவீட்டைச் சவாலுக்கு அழைக்க வேறு பயிற்சி வேண்டும். போராட்டத்தில் வளர்ந்த அமைப்புக்கு அது இன்னும் கைவரவில்லை என்பதே இந்தக் கட்டுரையாளரின் எண்ணம்.

சான்றிதழ் முழுக்க இணையவழிக்கு மாறியது 2021 ஜூனில். தனித்துவ அடையாள அட்டை நாடு முழுவதும் செல்லும் என்பது நன்மை. 2024 அக்டோபரில் மத்திய அரசு விதிகளைத் திருத்தியது. ஊன அளவைப் பொறுத்து அட்டைக்கு வெள்ளை, மஞ்சள், நீலம் என்று நிறம் வந்தது. நிறம் கண்ணில் பட்டது. சான்றிதழ் வழங்க ஒரு மாதம் என்றிருந்த கெடு மூன்று மாதமானது பலர் கண்ணில் படவில்லை. முடிவாகாமல் இரண்டாண்டு கிடக்கும் விண்ணப்பம் காலாவதி, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் அதே திருத்தத்தில் உண்டு. தேசிய மேடை இதை எதிர்த்தது. எதிர்க்காமல் எப்படி இருக்க முடியும்? தாமதம் செய்பவருக்குக் கூடுதல் நேரம், தாமதத்தால் நொந்தவருக்குக் காலாவதி.

இனி இங்கே நடக்கும் கூட்டங்களுக்கு வருவோம். இரண்டு விதக் கூட்டங்கள் உண்டு. ஒன்று டிசம்பர் 3. ஐக்கிய நாடுகள் சபை 1992இல் அறிவித்த நாள். அரசு விழா, விளையாட்டுப் போட்டி, விருது, இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் வழங்கும் படம். அறிவிப்புகள் வருவதும் அன்றுதான் என்பதால் சங்கங்கள் அந்த நாளைக் கேலி செய்துகொண்டே காத்திருக்கின்றன.

மற்றொன்று சங்கத்தின் மாநாடு. கிளை, வட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறிச் செல்லும் இடதுசாரி மரபு இதற்கு. கொடியேற்றம், அஞ்சலித் தீர்மானம், வேலை அறிக்கை, வரவு செலவு, விவாதம், நிர்வாகிகள் தேர்வு. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சடங்கு போலத் தோன்றும். ஆனால் வேலை அறிக்கை மீதான விவாதத்தை உட்கார்ந்து கேட்டால், அமெரிக்கச் சங்கத்தின் வகுப்பறையில் நடப்பதன் தமிழ் வடிவம் அங்கே நடப்பது புரியும். எந்த வட்டத்தில் எந்தக் காரணம் சொல்லித் தள்ளுபடி செய்கிறார்கள், வேலை செய்யும் வயதில் மகன் இருக்கிறான் என்று சொன்னால் என்ன பதில், ஊரக வேலைத் திட்டத்தில் நான்கு மணி நேர வேலைக்கு முழுக்கூலி என்ற 2012ஆம் ஆண்டு அரசாணையை வட்டார வளர்ச்சி அலுவலர் பார்த்ததில்லை என்றால் எண்ணைச் சொல்லிக் கையில் நகலைக் கொடுப்பது எப்படி. பாடம் நடக்கிறது, பாடநூல் இல்லை. ஓர் ஊரில் கற்றது அடுத்த ஊருக்கு வாய்வழியாகப் போகிறது. அதைத் தொகுத்து எழுதிவைத்தால் தமிழில் முதல் ஊன உதவித்தொகைக் கையேடு கிடைக்கும்.

அரசுத் தரப்பில் எதுவுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். உலக வங்கி 2022இல் ஒப்புதல் தந்த 16.2 கோடி டாலர் கடனோடு ‘உரிமைகள்’ திட்டம் நடக்கிறது. வீடுவீடாகக் கணக்கெடுப்பும், ‘விழுதுகள்’ என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்களும் அதன் பகுதி. இவை சிகிச்சையையும் சேவையையும் பக்கத்தில் கொண்டுவரும். உரிமைக்காக வாதாடுவது வேறு வேலை. விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்யும் அரசே, தள்ளுபடியை எதிர்த்துப் பேசவும் ஆள் வைத்துக்கொள்வது கடினம்.

அப்படியும் ஒரு வழி சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12ஆம் பிரிவில், மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்கிறது. சட்ட உதவி என்றால் நீதிமன்றம் மட்டும் என்று யாரும் எல்லை போடவில்லை. 2009 முதல் சட்டத் தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து, பணிநாளுக்கு மதிப்பூதியம் தரும் திட்டமும் நடக்கிறது. தாலுகா வாசலில் தேவைப்படுபவர் இவர்தான்: சம்பளக்காரரும் அல்லாமல், தரகரும் அல்லாமல், சட்டம் தெரிந்த உள்ளூர்க்காரர்.

2025 ஏப்ரலில் இன்னொரு கதவும் திறந்தது. ஒவ்வொரு உள்ளாட்சி மன்றத்திலும் மாற்றுத்திறனாளி ஒருவரை நியமன உறுப்பினராக்கும் திருத்தங்களைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. நகர்ப்புறத்தில் சுமார் 650 பேர், ஊராட்சி ஒன்றியங்களில் 388, மாவட்ட ஊராட்சிகளில் 37, கிராம ஊராட்சிகளில் 12,913 பேர் என்று கணக்குச் சொன்னார்கள். தருமபுரியில் கிராம ஊராட்சிகள் 251. அங்கே முந்தைய ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியிலேயே முடிந்துவிட்டதால் சட்டம் நிறைவேறிய நாளில் உட்கார நாற்காலி இல்லை.

மன்றங்கள் கூடும்போது அந்த 251 பேரும் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடித்துத் திரும்புவார்களா, தங்கள் ஊராட்சியின் மனுக்களைக் கையில் எடுப்பார்களா என்பது முதல் மாதத்தில் அவர்களுக்கு யார் பாடம் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அவர்களைத் தன்னார்வலர்களாகப் பதிவுசெய்து பயிற்சி தரலாம். இரண்டு ஜன்னல், 24ஆம் பிரிவு, 59ஆம் பிரிவு, மேல்முறையீட்டு மனுவின் மாதிரி, இவற்றுக்கு இரண்டு நாள் வகுப்பு போதும். சொல்லிக்கொடுக்கச் சங்கத்துக்காரர்கள் இருக்கிறார்கள். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், ஆட்சியரும் மாவட்ட நீதிபதியும் கலந்து பேசி ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும்.